நேரில் பார்வையிட்டதில்

நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் நம்பிப் படித்த வாக்கியம் ஒன்று உண்டு. "இவ்விடத்தை நேரில் பார்வையிட்டதில், உலர்த்துவதற்குப் போதிய வெயிலும் காற்றும் திறந்தவெளியும் இருப்பது தெரியவருகிறது." முதல் முறை அதை எழுதியபோது அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கடத்தூரில் ஒருவருடைய களத்தில் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிழல் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டு வந்து எழுதினேன். அதே வாக்கியம் அதற்குப் பிறகு வேறு வேறு ஊர்க்காரர்கள் பெயரில் போனது. அப்போதெல்லாம் நான் எந்தக் களத்திலும் உட்காரவில்லை.

தொழில் ஏன் படுத்துவிட்டது என்று கேட்கிறவர்களிடம், கம்ப்யூட்டர் வந்து கெடுத்துவிட்டது என்று இத்தனை வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறேன். கேட்பவர்களும் உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சொல்வதற்குச் சுலபமான காரணம் அது.

எண்பதுகளின் தொடக்கத்தில், சேலத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். அங்கே மிஷின் வாங்குவது சம்பந்தமான கடிதப் போக்குவரத்தெல்லாம் என் மேசையில்தான் நடந்தது. எந்த மிஷின் எங்கே கிடைக்கும், எவ்வளவு கரண்ட் இழுக்கும், எது இரண்டு வருடத்தில் பல்லிளிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இன்னொருவரிடம் கைகட்டி நிற்க என் குணம் இடம் கொடுக்காது. மனைவி தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். தர்மபுரியில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அவள் பின்னால் நானும் வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த வீட்டைப் பிடித்து, முன்னறையில் 'தொழில் ஆலோசகர்' என்று போர்டு மாட்டினேன்.

அப்படி ஒரு தொழில் இருப்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வேலை வாங்கித் தருவார் என்று நினைத்துச் சிலர் வந்தார்கள். ஒருவர் ஜாதகத்தையே கொண்டுவந்து விரித்துவிட்டார், எந்தத் தொழில் தனக்கு ஒத்துவரும் என்று பார்க்கச் சொல்லி. நான் அவரிடம் கோபப்பட்டேன். மனைவி உள்ளேயிருந்து வந்து, "ஏங்க, அவரும் அததான கேக்கறாரு? உங்க போர்டுல இருக்கறதும் அதுதான?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான்.

உண்மையில் என் வேலை இதுதான். ஒருவர் சின்னதாக ஒரு தொழில் தொடங்க வேண்டுமென்றால் பேங்கில் ஒரு ரிப்போர்ட் வைக்க வேண்டும். என்ன செய்யப் போகிறார், எந்த மிஷினில், எந்த இடத்தில், யார் வாங்குவார்கள் என்று அதில் இருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டை நான் எழுதிக் கொடுப்பேன். எழுதுவதற்கு முன்னால் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். தொழில் நடக்கப் போகிற இடத்தில் ஒரு பகல் முழுக்க உட்காராமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. மில்லில் கற்ற பாடம் அது. காற்றோட்டம் பார்க்காமல் மிஷினை இறக்கிவிட்டு அப்புறம் சுவரை இடித்த கதைகள் எனக்குத் தெரியும். பாப்பாரப்பட்டியில் ஒரு அரிசி மாவு மிஷினுக்காக நாள் பூராவும் உட்கார்ந்து, அந்தத் தெருவில் எத்தனை முறை கரண்ட் போகிறது என்று எண்ணிக்கொண்டு வந்தேன். மூஞ்சியெல்லாம் கறுத்துப் போய் வீட்டுக்கு வந்தால், "நீங்க ஆபீசுக்குப் போறீங்களா, ஆடு மேய்க்கப் போறீங்களா?" என்பாள் மனைவி. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

நிலையான தொழில் இல்லை அது. மழை பொய்த்த வருடத்தில் ஒரு ஆள் படியேறி வரமாட்டார். மாம்பழம் விளைந்து கையில் நாலு காசு புரண்ட வருடத்தில் படிக்கட்டில் செருப்பு வைக்க இடமிருக்காது. கரண்ட் வெட்டு வந்தால் மோட்டார் வைத்த தொழில் எதையும் யாரும் தொடமாட்டார்கள். எப்போது கூட்டம் வரும், எப்போது ஈ ஓட்டுவோம் என்று சொல்லவே முடியாது. வீட்டு வாடகை மனைவியின் சம்பளத்தில்தான் ஓடியது. அடுத்தவர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிற மனுஷன் சொந்தத் தொழிலை இந்த லட்சணத்தில் நடத்தினான்.

கடத்தூர்க்காரர் போட்டது சேமியா. மைதா மாவைப் பிசைந்து மிஷினில் தள்ளினால் நூல் நூலாக இறங்கும். அதை மூங்கில் கழியில் துணி காயப்போடுவது போலத் தொங்கவிட்டு, வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் நறுக்கிப் பொட்டலம் போட வேண்டும். மிஷினை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். காயவைப்பதில்தான் சேமியாவின் உயிரே இருக்கிறது. அரைகுறையாகக் காய்ந்தால் பத்தே நாளில் புளித்த வாடை வந்துவிடும். கடத்தூர்க்காரருடைய களம் அகலமானது, மரமே இல்லை. ஒரே வருடத்தில் தர்மபுரிக் கடைகளிலெல்லாம் அவருடைய பொட்டலம் தொங்கியது. உடனே ஆரம்பித்தது பாருங்கள். "கடத்தூர்ல போட்ட அந்த சேமியாவே நமக்கும் போட்டுக் குடுத்துடுங்க சார்" என்று வரிசையாக வந்தார்கள். வேறு என்ன சொன்னாலும் காதில் ஏறாது. ஆலோசனை கேட்கத்தான் வருவார்கள். முடிவைக் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கினார். என்னைப் போலவே ரிப்போர்ட் எழுதுகிறவர். இரண்டே நாளில் கொடுத்துவிடுவார். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில், புள்ளிப் புள்ளியான எழுத்தில் இருக்கும். அந்த ஓட்டைகள்மேல் ஜனங்களுக்கு வந்த மோகத்தை என்னவென்று சொல்வது! பேங்க் மேனேஜர் ஒருமுறை என்னுடைய ரிப்போர்ட்டை ஒரு கையிலும் சேலத்துக்காரருடையதை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, "உங்களோடது நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா பாருங்க, இது கம்ப்யூட்டர்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

பஸ் ஏறி சேலத்துக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். தொழில் விஷயமாக வந்ததாகச் சொன்னேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள், கோயிலுக்குள் போவது போல. அந்த மனுஷர் நல்லவர், மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டினார். அவர் தட்டத் தட்ட அச்சு எந்திரம் கிறீச் கிறீச்சென்று பக்கங்களைத் துப்பியது. வயிறு எரிந்தது. கடைசியாகக் கேட்டேன், "தமிழ் வருமா?" அவர் சிரித்து, "அது வராதுங்க" என்றார். உலகமே என் கைக்கு வந்த மாதிரி திரும்பி வந்தேன். தொப்பூர் கணவாய் ஏறும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் காரணமில்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து பேங்குக்கு ஒரு இங்கிலீஷ் ரிப்போர்ட், தொழில் தொடங்குகிறவருக்கு அதே ரிப்போர்ட் தமிழில் ஒரு பிரதி என்று வைத்தேன். தன் தொழிலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதென்று தன் பாஷையில் அவர் படித்துக்கொள்ளலாம். சேலத்துக்காரர் தலைகீழாக நின்றாலும் கொடுக்க முடியாதது அது. ஜனங்களுக்குப் பிடித்துப் போனது. ஒரு பெரியவர் தன்னுடைய பிரதியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் தமிழ்ப் பிரதி சும்மா வந்துவிடாது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் மனைவி டைப் அடிக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் மருந்து தடவிக் காயவைத்து மறுபடி அடிக்க வேண்டும். பிறகு அதை சைக்ளோஸ்டைல் மிஷினில் மாட்டி மை தடவி உருட்ட வேண்டும். இன்ஸ்டிட்யூட்டில் நாள் பூராவும் கத்திவிட்டு வந்து அவள் இதைச் செய்தாள். பன்னிரண்டு பக்கம் அடிக்க ஒரு வாரம் ஆகிவிடும். சேலத்துக்காரருக்கு இரண்டு நாள்.

அதற்கு நான்தான் வழி கண்டுபிடித்தேன். சேமியா என்றால் எல்லாருக்கும் சேமியாதானே? நான்காம் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கம்வரை ஊர் பெயரில்லாமல் எழுதி, ஒரே ஸ்டென்சிலை எல்லாருக்கும் உருட்டினால் போதும். மற்ற பக்கங்களை மட்டும் ஆளுக்கு ஏற்ப அடித்துக்கொள்ளலாம். கடத்தூர் ரிப்போர்ட்டில் இருந்த அந்த வாக்கியம் அப்படித்தான் ஆறாம் பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறியது.

மனைவி ஒருமுறை கேட்டாள். "ஏங்க, ஆறாம் பக்கத்த அப்படியே வுட்டுரலாமா? நேர்ல பாத்தோம்னு அதுல வருதே."

"பாக்காமயா எழுதப் போறேன்? போய்ப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்" என்றேன். ஆரம்பத்தில் போகவும் செய்தேன். முதலில் ஒரு பகல், பிறகு அரைப் பகல், அப்புறம் பஸ் திரும்புவதற்குள் ஒரு எட்டு. கடைசியில் அதுவும் நின்றது. மறுபடி அவள் கேட்டபோது எரிந்து விழுந்தேன். "தர்மபுரி ஜில்லாவுல வெயிலுக்கா பஞ்சம்?" அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாத இடங்களில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

அரூரிலிருந்து ஒரு அம்மா தன் கணவரோடு வந்தது அதற்குப் பிறகுதான். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் ஒவ்வொரு சந்தையாகப் போய்த் துணி விற்கிறவர், சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு. என் மாடிப்படி ஏறி வந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நெஞ்சில் இழுப்பு சத்தம் எனக்குக் கேட்டது. அந்த அம்மா அவரை மெல்ல உட்காரவைத்தார்.

பிறகு ஒரு டப்பாவைத் திறந்து என் முன்னால் வைத்தார். உள்ளே கையால் பிழிந்த சேமியா, தலைமுடி போல மெலிசு. ரம்ஜானுக்கு முன்னால் தெருவில் எல்லாரும் அவரிடம்தான் சொல்லி வைத்து வாங்குவார்களாம். "வருசத்துல ஒரு மாசம் செய்யறதுங்க. மெஷின் வச்சா வருசம் பூராவும் செய்யலாம்னு சொல்றாங்க. அப்படி ஆச்சுன்னா இவர் சந்தைக்குப் போறத நிறுத்திப்புடலாம். இவரால முடியல சார். மூட்டையக் கட்டிக்கிட்டு மேட்டுல சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போறாரு. எந்த மேட்டுல உக்காந்துருவாரோன்னு அவரு வர்ற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு நிப்பேன்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

அந்த அம்மா கேட்ட அளவுக்கு என்னிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை. மிஷின் சத்தம் பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவாக இருக்குமா? கரண்ட் போனால் பிசைந்த மாவு என்ன ஆகும்? கடைசியாக, அவருக்கு முக்கியமானதைக் கேட்டார். "எங்க வாசல்ல பக்கத்து வூட்டுப் புளியமரம் கவுந்து நிக்குதுங்க. கையில புழியறப்ப கொஞ்சந்தான, பாய இங்க கொஞ்ச நேரம் அங்க கொஞ்ச நேரம்னு நகத்திப் போட்டு காயவெச்சுக்குவேன். மெஷின்ல அவ்ளோ வருமே, எங்க காயும்? எங்க வூடு ஓட்டு வூடு, மாடி கெடையாது. நீங்க ஒருக்கா வந்து பாத்து, ஆவும் ஆவாதுன்னு சொல்லிப்புடணும் சார். ஆவாதுன்னா வுட்டுடறோம்."

"அடுத்த வாரம் வர்றேம்மா" என்றேன். மனசார்த்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் பேங்கில் அவசரப்படுத்தினார்கள். சேமியா கேட்டு இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். தாமதமானால் சேலத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் எனக்கு. அரூருக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போய் வர ஒரு நாள். ஒரே ஒரு நாள். அந்த நாளை நான் கொடுக்கவில்லை. வழக்கமான ஆறு பக்கங்களை உருட்டி, அந்த அம்மாவின் பெயரில் மற்ற பக்கங்களை மனைவியிடம் அடிக்கச் சொன்னேன். அவள், "அரூர் போனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "எல்லாம் பாத்துக்கலாம், நீ அடி" என்றேன்.

தமிழ்ப் பிரதியை வாங்கிப் போக இருவரும் வந்தார்கள். மற்றவர்களெல்லாம் வாங்கியதும் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். இந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். எட்டாவதுவரை படித்தவர். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, உதடு அசைய அசையப் படித்தார். நான் வேறு வேலை பார்ப்பது போலக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். விரல் ஆறாம் பக்கத்துக்கு வந்ததும் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுக்கிய காகிதங்களையே நான் மறுபடி அடுக்கினேன்.

"சார், வந்திருந்தீங்களா?" என்றார். முகத்தில் சந்தேகமே இல்லை. பதைப்புதான் இருந்தது. "எப்ப சார் வந்தீங்க?"

இல்லையம்மா, இது எல்லாருக்கும் போடுகிற பக்கம், உங்கள் இடத்துக்கு நான் இன்னும் வரவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அரை நிமிஷம் ஆகியிருக்கும். கௌரவம் போய்விடும் என்று தோன்றியது. மனைவி வேறு உள்ளே இருந்தாள்.

"வேற வேலையா அரூர் வந்தேம்மா. அப்படியே எட்டிப் பாத்துட்டு வந்துட்டேன்" என்றேன்.

"கதவு பூட்டியிருந்துச்சுங்களா? வியாழக்கிழமையா இருக்கும். அன்னிக்கித்தான் என் தங்கச்சி வூட்டுக்குப் போயிருந்தோம்." என் பொய்க்குக் கிழமையையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமாம்மா, வியாழக்கிழமைதான்."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? சார் இவ்ளோ தூரம் வந்துட்டு, ஒரு வாய் டீ கூடக் குடிக்காமத் திரும்பிப் போயிருக்காங்க. நமக்கு எவ்ளோ அசிங்கம்!" அப்புறம் என்னிடம், "அப்ப மரத்தையும் பாத்திருப்பீங்க. வெயிலு போதுங்களா சார்?" என்று கேட்டார்.

"போதும்மா" என்றேன்.

அவர்கள் போன பிறகு மனைவி வெளியே வந்து, ஸ்டூலை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். அன்று நான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ள முடியவில்லை.

மிஷின் இறங்கியது. முதல் கோடையில் எல்லாம் நன்றாக நடந்தது. சித்திரை வெயில் நேர் உச்சியிலிருந்து அடிக்கும்போது மரத்தின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டு கிடந்திருக்க வேண்டும். கணவர் சந்தைக்குப் போவதை நிறுத்தினார். ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டு சேமியாவும் முந்திரியும் ஒரு பையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் கணவரேதான். மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறி வந்து, "மூணு மாசமா சைக்கிளத் தொடல சார்" என்று சிரித்தார். மனைவி அன்று பாயசம் வைத்தாள். நான் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று அவளைப் பார்த்தேன்.

ஐப்பசி பிறந்து வெயில் சாய்ந்ததும் நிழல் நீண்டது. பத்து மணிக்கு மேல் அந்த வாசலில் வெயிலே இல்லையாம். அரைக்காய்ச்சலாகப் பொட்டலம் கட்டிய சேமியா வாடை எடுத்துக் கடைகளிலிருந்து திரும்பி வந்தது. சேமியா அரிதாக இருந்த காலமானால் கடைக்காரர்கள் கொஞ்சம் பொறுத்திருப்பார்கள். இப்போது பாப்பாரப்பட்டியிலிருந்து ஒன்று, பென்னாகரத்திலிருந்து ஒன்று, கடத்தூரிலிருந்தே இரண்டு என்று என் ஆறாம் பக்கத்தை வாங்கிப் போன எல்லாருடைய பொட்டலமும் அங்கே தொங்கியது. நல்ல களம் இருந்தவர்கள் தப்பித்தார்கள். அரூர் பொட்டலத்தைக் கடைக்காரர்கள் வேண்டாமென்று சொல்ல ஒரு நொடி யோசிக்கவில்லை.

அந்த அம்மா சும்மா இருக்கவில்லை. மூங்கில் கழிகளை ரோட்டோரம் தூக்கிப் போய்க் காயவைத்துப் பார்த்தார். லாரி கிளப்பிய தூசி ஒட்டிக்கொண்டது. கிளையை மட்டுமாவது கழித்துவிடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கேட்டார். காய்க்கிற மரத்தை வெட்டுவதா என்று கேட்டார்களாம். இதையெல்லாம் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தர்மபுரிக்குத் துணி எடுக்க வந்தவர் படியேறி என்னைப் பார்த்துவிட்டுப் போனார். மறுபடி மூட்டையைக் கட்ட ஆரம்பித்திருந்தார். இழுப்பு முன்னைவிட அதிகமாக இருந்தது.

"அவ தம்மேலதான் தப்புங்கறா சார்" என்றார். "சாரே நேர்ல வந்து பாத்து வெயிலு போதும்னு எழுதிட்டாங்க, கடத்தூர்க்காரருக்கு நல்லா காயுது, எனக்குத்தான் காயவெக்கத் தெரியலன்னு ஒக்காந்துக்கிட்டு அந்தப் பக்கத்தையே படிக்கறா. நீங்க எழுதினதுல எதையாவது வுட்டுட்டமான்னு."

அப்போதும் நான் சொல்லவில்லை. "பழகப் பழக வந்துடும்னு சொல்லுங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை. முதல் பொய்யை அவசரத்தில் சொன்னேன் என்று ஒரு சாக்காவது உண்டு. இது நிதானமாகச் சொன்னது.

அடுத்த ரம்ஜானுக்கும் பை வந்தது. சேமியா தலைமுடி போல மெலிசாக இருந்தது. மறுபடி கையால் பிழிய ஆரம்பித்துவிட்டார் என்று எடுத்துப் பார்த்ததுமே தெரிந்தது. மனைவி பாயசம் வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வருடம் ஐப்பசியில், பேங்குக்குப் புதிதாக வந்த மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "அரூர்ல உங்க ரிப்போர்ட்ல ஆரம்பிச்ச சேமியா யூனிட் நின்னு போச்சாம். எதனாலன்னு ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்து எழுதிக் குடுங்க" என்றார். நேர்ல என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அரூர் போய் இறங்கினேன். கையில் விலாசம் இருந்தது. டீக்கடையில் தெருவைக் கேட்டுக்கொண்டு போனேன். தெருவுக்குள் நுழைந்ததும் எந்த வீடென்று தெரியவில்லை. எல்லாம் ஓட்டு வீடுகள். ஒருமுறை கடைசிவரை போய்த் திரும்பினேன். ஒரு வாசலில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டியபடி சைக்கிள் கேரியரில் மூட்டையைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "ஏங்க, இந்தத் தெருவுல சேமியா மிஷின் போட்டிருந்தாங்களே, அந்த வூடு எது?" என்று கேட்டேன்.

அவர் திரும்பினார். அந்த அம்மாவின் கணவர்.

"சார்!" என்றார் சந்தோஷமாக. "இதான் சார் வூடு. அன்னிக்கி நீங்க வந்தப்ப..." அதோடு நிறுத்திக்கொண்டார். கயிற்றை விடாமல் பிடித்தபடி என்னைப் பார்த்தார். சத்தம் கேட்டு அந்த அம்மா வாசற்படிக்கு வந்து நின்றிருந்தார். நான் கேட்டது அவருக்கும் கேட்டிருந்தது.

அவர்களைப் பார்க்க முடியாமல் அண்ணாந்தேன். புளியமரம் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி, இந்த வாசல் முழுவதையும் நிழலால் மூடிக்கொண்டு நின்றது. ஓடு ஒன்றின்மேல்கூட வெயில் இல்லை. கீழே காலி மூங்கில் கழிகள் சுவரோரம் சாத்தியிருந்தன. ஒரு பகல் முழுக்க உட்காரத் தேவையே இல்லை. தெருவில் நின்று ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தாலே ஆகாது என்று சொல்லியிருப்பேன். ஆகாதென்றால் விட்டுவிடுகிறோம் என்றுதான் அவர்களும் கேட்டிருந்தார்கள்.

"மரம் இவ்ளோ பெருசா..." என்றேன். வாய் தவறித்தான் வந்தது.

அந்த அம்மா மரத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் திரும்பி பஸ் ஏறியிருப்பேன். அவர் முகத்தில் எதுவோ கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இத்தனை நாள் தன்மேல் சுமத்திக்கொண்டிருந்ததை அங்கேயே இறக்கி வைத்தது போல இருந்தது. முந்தானையைத் தலைக்குமேல் இழுத்து விட்டுக்கொண்டு வழிவிட்டு நின்றார்.

கணவர் சைக்கிளைத் தள்ளினார். "சந்தைக்கு நேரமாச்சு சார்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெரு முனை மேட்டில் அவர் நின்று மூச்சு வாங்குவது நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

உள்ளே மிஷின்மேல் பழைய பெட்ஷீட் போர்த்தியிருந்தது. அதன்மேல் பாலிதீன் பையில் என்னுடைய தமிழ்ப் பிரதி. அந்த அம்மா அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, பெட்ஷீட்டைத் தட்டி, நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்க சார்" என்றார். "மொதத் தடவையா எங்க வூட்டுக்கு வந்திருக்கீங்க. டீ குடிக்காமப் போவக் கூடாது."

உட்கார்ந்தேன். அவர் அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்கும்வரை அங்கேயே நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தைகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட் எழுதியே பழகிய கை, அதையும் ஒழுங்கான வாக்கியமாக்கப் பார்த்தது. டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றார். நான் டம்ளரைக் கீழே வைத்து, டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.